திடல், பூங்கா, தீர்மானம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

உள்ளாட்சி அமைப்புகளின் முடிவுகள் குறித்து டெல்டா மாவட்ட வாசகர்கள் எழுதிய கடிதங்களில், பூங்காவையும் விளையாட்டுத் திடலையும் பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன. கேட்டவர்களின் விருப்பப்படி பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஊர் இளைஞர்களுக்கு அறுவடை முடிந்த வயல்தான் விளையாட்டு மைதானம். சம்பா அறுத்த கையோடு உளுந்தும் பயறும் முளைத்துவிடுவதால் சித்திரை வரை வயலில் கால்வைக்க முடியாது. அதன் பிறகு கிடைக்கும் சில வாரங்களும் மேட்டூர் அணை திறந்து, உழவு தொடங்கியதும் முடிந்துவிடுகின்றன. ஊர் ஓரத்தில் புறம்போக்குக் களம் ஒன்று இருக்கிறது. அறுவடை இயந்திரம் வந்ததிலிருந்து அங்கே யாரும் போரடிப்பதில்லை. அதைத் திடலாக்கித் தரும்படி பலமுறை மனுக் கொடுத்தும் பயனில்லை. இப்போது ஊராட்சித் தலைவரும் இல்லை. யாரிடம் கேட்பது?
– திருவாரூர் மாவட்ட வாசகர்

பதில்: யாரிடம் கேட்பது என்பதற்கு முன்னால், எதைக் கேட்கிறோம் என்பது தெளிவாக வேண்டும். தாங்கள் இணைத்திருக்கும் மனுவின் நகலில் 'இளைஞர்களின் நலன் கருதி விளையாட்டு மைதானம் அமைத்துத் தருமாறு' என்ற வேண்டுகோள் இருக்கிறதே தவிர, புல எண்ணோ பரப்போ நிலத்தின் வகைப்பாடோ எங்கும் இல்லை. அத்தகைய மனுவுக்கு 'பரிசீலனையில் உள்ளது' என்பதற்கு மேல் எந்த அலுவலகமும் பதில் சொல்லப் போவதில்லை. ஆகவே முதல் வேலையாகக் கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று, அந்தக் களம் அ-பதிவேட்டில், அதாவது கிராமத்தின் நிலப் பதிவேட்டில், எந்தப் புல எண்ணில், எத்தனை ஏர்ஸ் (ஓர் ஏர் 100 சதுர மீட்டர்) பரப்பில், என்னவாகப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். ஊரார் களம் என்று சொல்லும் இடம் பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்காகவோ நத்தமாகவோ (குடியிருப்பு நிலமாகவோ) இருப்பது டெல்டாவில் அபூர்வமன்று.

அது களம் புறம்போக்காகவே இருந்தால் உங்கள் நிலை வலுவானது. களம், மேய்ச்சல், வண்டிப்பேட்டை, தோப்பு போன்ற புறம்போக்குகளின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 கிராம ஊராட்சிக்கே அளித்திருக்கிறது. எனினும் நிலத்தின் வகைப்பாட்டை மாற்றுவது வருவாய்த் துறையின் வேலை. இதனால்தான் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மட்டும் போகும் மனு வட்டாட்சியரிடம் போகச் சொல்லித் திரும்புகிறது. வட்டாட்சியருக்கு மட்டும் போகும் மனு ஊராட்சித் தீர்மானம் எங்கே என்று கேட்டுத் திரும்புகிறது. தீர்மானத்தை முதலில் வாங்கி, அதன் நகலை இணைத்து இரு அலுவலகங்களுக்கும் ஒரே நாளில் கொடுப்பதே வழி.

தலைவர் இல்லாததால் தீர்மானம் போட முடியாது என்று எவரேனும் சொன்னால் ஏற்காதீர்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் நடந்த தேர்தலின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாள் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை உயிரோடுதான் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அது கூடியாக வேண்டும். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேரும், 3,001 முதல் 10,000 வரை உள்ள ஊராட்சியில் 200 பேரும் வந்தால்தான் குறைவெண் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை) நிறைவேறும். திடல் கேட்கும் இளைஞர்கள் கிராம சபைக்கு வருவதில்லை என்பதை எத்தனையோ ஊர்களில் பார்க்கிறோம். பதினெட்டு வயது நிரம்பி வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் அந்தச் சபையின் உறுப்பினர்களே.

அதே ஊராட்சிகள் சட்டத்தில், ஊராட்சி கட்டாயமாகச் செய்ய வேண்டிய பணிகளைப் பிரிவு 110 சொல்கிறது. தெருவிளக்கு, சாலை, வடிகால் போன்றவை அதில் அடங்கும். விளையாட்டுத் திடலும் பூங்காவும் பிரிவு 111-இல், ஊராட்சி விரும்பினால் செய்யலாம் என்ற வரிசையில் வருகின்றன. 'இது எங்கள் உரிமை, செய்தே தீர வேண்டும்' என்று கூட்டத்தில் முழங்குவது சட்டப்படி அவ்வளவு உறுதியான வாதமன்று. இடம், அளவு, செலவு மூன்றையும் எழுதிக் காட்டுபவரின் சொல்லே அங்கே எடுபடும். வாலிபால் ஆடுகளம் 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்டது. சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் 360 சதுர மீட்டர், ஏறத்தாழ 9 சென்ட் ஆகும். ஆண்கள் கபடிக்கு 13-க்கு 10 மீட்டர் போதும். அது 3 சென்டுக்குச் சற்றே கூடுதல். ஆக, 30 சென்ட் களத்தில் இரண்டு ஆடுகளங்களும் பார்ப்பவர்கள் நிற்க இடமும் அமையும். கிரிக்கெட்டை அதில் திணிக்கப் பார்த்தால் மற்ற இரண்டும் கெடும்.

இன்னொன்றையும் தீர்மானத்திலேயே எழுதிவிடுவது நல்லது. மத்திய அரசு தளர்வு அறிவிக்காத காலங்களில், ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிய நெல்லை நேரடி கொள்முதல் நிலையத்தில் எடுப்பதில்லை. பனி விழும் தை மாதத்தில் காயவைக்க இடம் தேடும் விவசாயியின் கண் முதலில் படுவது உங்கள் திடலில்தான். அவரோடு சண்டைக்குப் போவதைவிட, குறுவை, சம்பா அறுவடை வாரங்களில் திடல் நெல்லுக்கு, மற்ற நாட்களில் விளையாட்டுக்கு என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். அப்படி எழுதினால், களத்தை இழக்கிறோமே என்று கிராம சபையில் எதிர்க்கக்கூடிய விவசாயிகளும் உங்கள் பக்கம் வருவார்கள். இறுதியாக, நம் களிமண் ஐப்பசி, கார்த்திகை மழையில் நாட்கணக்கில் நீர் கோத்து நிற்கும் என்பதால், மண் நிரவும்போது ஒரு பக்கம் சரிவு விட்டு வடிகால் வாய்க்காலோடு இணைக்கச் சொல்லுங்கள். சவுடு அடித்து மேடாக்குவதானால் மண் எடுக்கும் அனுமதியை ஊராட்சியே வாங்கட்டும். இளைஞர் மன்றம் டிராக்டர் வைத்து அடித்துவிட்டு வழக்கில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: நாங்கள் குடியிருக்கும் மனைப்பிரிவின் வரைபடத்தில் 'பூங்கா' என்று குறிக்கப்பட்ட இடம் நெடுங்காலமாகக் கருவேலம் மண்டிக் கிடந்தது. குடியிருப்போர் சேர்ந்து சுத்தம் செய்து, பிள்ளைகள் இறகுப்பந்து ஆடத் தொடங்கிய பிறகு, அங்கே மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி கட்ட நகர்மன்றத்தில் தீர்மானம் வந்திருக்கிறது. குடிநீர் என்பதால் எதிர்க்கவும் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– டெல்டா நகராட்சி ஒன்றின் வாசகி

பதில்: தயங்க வேண்டியதில்லை. ஆனால் எதிர்ப்பதற்கு முன் இரண்டு ஆவணங்கள் தங்கள் கையில் இருக்க வேண்டும். ஒன்று, நகர் ஊரமைப்புத் துறை ஒப்புதல் அளித்த மனைப்பிரிவு வரைபடம். மற்றொன்று, மனை விற்றவர் அந்தப் பூங்கா இடத்தை உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுத்த தானப் பத்திரம். முதலாவதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு நகராட்சியிடம் கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். இரண்டாவதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். தானப் பத்திரம் பதிவாகவே இல்லையென்றால், தொட்டியைவிடப் பெரிய ஆபத்து காத்திருக்கிறது என்று பொருள்; மனை விற்றவரின் வாரிசுகள் அந்த இடத்தைத் துண்டு போட்டு விற்க முனையக்கூடும்.

தற்போது நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்கு இலவசமாக ஒப்படைத்தே ஆக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ளவற்றுக்கு மட்டும் இடத்துக்குப் பதிலாக அதன் மதிப்பைப் பணமாகக் கட்டும் வழி உண்டு. ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) இடம் என்று ரியல் எஸ்டேட்காரர்கள் சொல்வது இதைத்தான். பொதுமக்கள் கூடவும் விளையாடவும் ஒதுக்கப்பட்ட இடம் இது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குத் தந்ததை 1991-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. மருத்துவமனையும் மக்களுக்குத் தேவையானதுதானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. புதிய மனைப்பிரிவுகளில் உள்ளாட்சியின் பொதுப் பயன்பாட்டுக்கென்று தனியே சிறு மனை ஒதுக்கப்படுவதும் உண்டு. தங்கள் வரைபடத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், தொட்டியை அங்கே கட்டும்படி ஆட்சேபனை மனுவிலேயே மாற்று இடத்தைச் சுட்டிக்காட்டலாம்.

இவையெல்லாம் ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவுக்கே பொருந்தும். வயலைக் கூறுபோட்டு, கல் நட்டு, ஒப்புதலின்றி விற்ற நகர்கள் டெல்டாவில் ஏராளம். 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட அத்தகைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசு விதிகள் கொண்டுவந்தது. மனை வரன்முறையானதே தவிர, முன்பே இல்லாத பூங்கா அதனால் புதிதாக முளைத்துவிடவில்லை.

கேள்வி: ஊர்க் குளம் தூர்ந்து, ஆகாயத்தாமரை மூடிக் கொசு உற்பத்தியாகிறது. அதை மேடாக்கிச் சிறுவர் பூங்கா அமைக்கலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். இளைஞர்களாகிய எங்களுக்கும் சம்மதமே. இது சரியா?
– மயிலாடுதுறை மாவட்ட வாசகர்

பதில்: சரியன்று, நடக்கவும் நடக்காது. குளம் வறண்டோ தூர்ந்தோ கிடப்பதைக் காரணமாகக் கொண்டு வேறு பயனுக்கு மாற்ற இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2001-லும் 2011-லும் தீர்ப்பளித்திருக்கிறது. நீதிமன்றத்தை விட்டுவிடுவோம். கடைமடைப் பகுதியில் ஒரு குளத்தைத் தூர்த்தால், வாய்க்கால் வழியாக அதற்குள் வந்த மழைநீர் அடுத்த கார்த்திகையில் பக்கத்துத் தெருவில்தான் நிற்கும். 'கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி' என்று திருவாரூர்க் கமலாலயத்தைச் சொல்லும் மாவட்டத்தின் அண்டையில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கலாமா? குளத்தைத் தூர்வாரி, கரையை அகலப்படுத்தி, நடைபாதையும் நிழல்மரமும் இரண்டு ஊஞ்சலும் கேளுங்கள்.

கேள்வி: சிவன் கோயிலுக்குச் சொந்தமான திடலில் தலைமுறை தலைமுறையாகக் கபடி ஆடிவருகிறோம். இப்போது அதைக் குத்தகைக்கு ஏலம் விடப்போவதாகச் சொல்கிறார்கள். ஊராட்சி தலையிட முடியுமா?
– கும்பகோணம் பகுதி வாசகர்

பதில்: முடியாது. கோயில் நிலம் இந்து சமய அறநிலையத் துறைச் சட்டத்துக்கு உட்பட்டது. ஊராட்சித் தீர்மானம் அதைக் கட்டுப்படுத்தாது. ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு அத்துறை ஆணையரின் அனுமதி தேவை என்று பிரிவு 34 சொல்வதால், ஏல அறிவிப்பில் குத்தகைக் காலம் எவ்வளவு என்று பாருங்கள். ஏலத்துக்கு முன்பே, திருவிழாவும் விளையாட்டும் அங்கே நடந்துவரும் வழக்கத்தைக் குறிப்பிட்டுச் செயல் அலுவலருக்கு எழுத்துமூலம் ஆட்சேபனை கொடுக்கலாம். நெடுநாள் ஆடினோம் என்பதால் நிலத்தில் உரிமை வந்துவிடாது.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் உடற்பயிற்சிக் கூடம் கட்டினார்கள், விளையாட்டுச் சாமான்களும் வந்தன. கூடம் பூட்டியே கிடக்கிறது, சாமான்கள் எங்கே என்று தெரியவில்லை. திறக்கும் நாட்களிலும் பெண்கள் உள்ளே போக முடிவதில்லை.
– பாபநாசம் வட்ட வாசகி, கல்லூரி மாணவி

பதில்: 2024-இல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்புத் திட்டத்தில் 33 வகைப் பொருட்கள் ஊராட்சிகளுக்குத் தரப்பட்டன. அவை ஊராட்சியின் சொத்து. எவர் வீட்டுப் பரணில் இருந்தாலும் இருப்புப் பதிவேட்டில் வந்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டைக் கிராம சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதற்கு முந்தைய மாலையே சாமான்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்துவிடும்.

சாவியைப் பொறுத்தவரை, ஒருவரிடம் மட்டும் இருக்கும் சாவி எந்த ஊரிலும் கூடத்தைத் திறந்ததில்லை என்பது என் எண்ணம். ஊராட்சிச் செயலர், மகளிர் சுய உதவிக் குழுவினர் ஒருவர், இளைஞர் ஒருவர் என மூவரிடம் சாவி இருக்கும்படியும், காலையிலோ மாலையிலோ குறிப்பிட்ட ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும் என்றும் தீர்மானம் போடச் செய்யுங்கள். வழியில் விளக்கு எரிகிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்; மேலே சொன்னபடி தெருவிளக்கு கட்டாயப் பணி. விளக்கில்லாத வழியில் மாலை ஆறரைக்கு மேல் மகளை அனுப்ப எந்தத் தாயும் ஒப்பமாட்டார். பிறகு 'பெண்கள் வரவில்லை' என்று கூடத்தைப் பூட்டிவிடுவார்கள்.

கேள்வி: நகராட்சிப் பூங்காவில் 'பந்து விளையாடக் கூடாது' என்று பலகை வைத்துவிட்டார்கள். முதியோர் புகார்தான் காரணம். பிள்ளைகள் எங்கே போவார்கள்?
– நாகப்பட்டினம் மாவட்ட வாசகர்

பதில்: முதியோர் பக்கமும் நியாயம் இருக்கிறது, இடுப்பெலும்பு முறிந்தால் அவர்களுக்கு எழுந்து நடப்பதே பெரும்பாடு. பூங்கா வேறு, திடல் வேறு. தஞ்சாவூர் நகராட்சி 1871-72-இல் சிவகங்கைப் பூங்காவை அமைத்தது மக்கள் உலாவுவதற்காக. பந்தாடுவதற்கு அன்று ஊரைச் சுற்றி வெளி இருந்தது. இன்று அந்த வெளியெல்லாம் மனைகளாகிவிட்ட நிலையில், நடைக்கல் பதித்து நீரூற்று வைத்த பூங்காவுக்கே நகர்மன்றங்கள் பணம் ஒதுக்குகின்றன. திறப்பு விழாப் படத்தில் அது அழகாகத் தெரிகிறது. வெறும் மண் திடல் படத்தில் எடுப்பதில்லை. தங்கள் வார்டு மக்கள் கூடும் பகுதி சபையில், பலகையை எடுக்கச் சொல்வதோடு நிற்காமல், அரசுப் பள்ளி மைதானத்தை மாலையிலும் விடுமுறை நாட்களிலும் திறந்துவிடக் கல்வித் துறையோடு நகராட்சி பேச வேண்டும் என்று கேளுங்கள். புதிய கட்டுமானச் செலவு இல்லாத கோரிக்கை அது.

கேள்வி: வெளிநாட்டிலிருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் திடலுக்குப் பணம் தரத் தயாராக இருக்கிறார்கள். எப்படிக் கொடுப்பது?
– பட்டுக்கோட்டை வட்ட வாசகர்

பதில்: 'நமக்கு நாமே' திட்டத்தின்கீழ் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் மீதியை அரசு ஏற்கும். ஒப்பந்ததாரர் கையிலோ தனி நபர் கணக்கிலோ பணம் போடக் கூடாது. வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் விண்ணப்பித்து, பொறியாளர் தயாரித்த மதிப்பீட்டின் நகலை வாங்கிப் படித்து, வேலி, விளக்கு, கழிப்பறை, வடிகால் நான்கும் அதில் இருப்பதைப் பார்த்த பிறகு வங்கி வரைவோலையாகச் செலுத்தச் சொல்லுங்கள். பங்களிப்பு செலுத்தியதற்கான ரசீதை ஊரிலுள்ள ஒருவர் பத்திரமாக வைத்திருக்கட்டும்.