துச்சாதனன் ஏற்றும் கற்பூரம்

அன்புள்ள அண்ணா,

நாங்கள் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் காலடிப்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம்; ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டி, சேர்ந்தே ஒரு கதையை வளர்க்கும் விளையாட்டு அது. எட்டு மாதமாக ஒரே கதை ஓடுகிறது. நான்தான் டி.எம்., அதாவது கதையை நடத்துகிறவன். பள்ளிக்கூடத்திலிருந்தே என் கூட இருக்கும் நண்பன் ரோக் என்ற திருடன் வேடம் ஆடுகிறான். ஆரம்பத்திலேயே "என் ஆள் கெட்டவன், பரவாயில்லையா?" என்று கேட்டான். நானும் சரி என்றேன். முதலில் கூட வருகிறவர்களின் பையிலிருந்தே மருந்துக் குப்பிகளைத் திருடி விற்றான். போன மாதம், எங்களுக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுத்த ஒரு மீனவர் குப்பத்தில், சாட்சி யாரும் மிஞ்சக் கூடாது என்று ராத்திரியில் குடிசைகளுக்கு நெருப்பு வைத்துவிட்டான். கேட்டால் "என் கேரக்டர் அப்படித்தான் செய்வான், நான் என்ன பண்ண?" என்கிறான். கிளெரிக் என்ற பூசாரி வேடம் ஆடும் அக்கா அதற்குப் பிறகு இரண்டு வாரமாக வரவில்லை. வேலை இருக்கிறது என்று மெசேஜ் மட்டும் வருகிறது. இனிமேல் கெட்ட கேரக்டரே கூடாது என்று தடை போட்டுவிடலாமா? இல்லை, கதைக்குள்ளேயே நகரக் காவலர்களை விட்டு அவனைத் தூக்கிலிட்டு முடித்துவிடலாமா?

அன்புடன்,
ம., திருவொற்றியூர்

அன்புள்ள ம.,

இரண்டும் வேண்டாம். காவலர்களை அனுப்பினால் உங்கள் நண்பர் அடுத்த வாரம் வேறு பெயரில் அதே ஆளை எழுதிக்கொண்டு வருவார், கூடவே உங்கள் மேல் ஒரு கோபத்தையும் கொண்டு வருவார். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவில் வந்த மனத்தாங்கலைக் கதைக்குள் இருக்கும் வாளால் தீர்க்க முடியாது. தடையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் நான் சின்ன வயதில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

நான் வளர்ந்தது வியாசர்பாடியில். வியாசர் பெயரிலேயே ஊர் இருப்பதால் பாரதக் கூத்து என்றால் எங்கள் தெருப் பெரியவர்களுக்குத் தனிப் பாசம். ஒரு வருடம் அம்மன் கோயில் திருவிழாவுக்குக் கூத்துக்காரர்கள் வந்து துகிலுரிதல் ஆடினார்கள். துச்சாதனன் வேடம் கட்டியவர் பயங்கரமான ஆட்டக்காரர். அவர் திரையை விலக்கிக்கொண்டு வந்தபோதே என் தங்கை அழுதுவிட்டாள். ஆனால் திரௌபதியின் சேலையில் கை வைக்க வேண்டிய நேரம் வந்ததும் ஆட்டத்தை நிறுத்தினார். கற்பூரம் ஏற்றச் சொன்னார். திரௌபதி வேடக்காரரின் காலில் விழுந்து கும்பிட்டார். அதற்குப் பிறகுதான் சேலையைப் பிடித்தார். அதுவும் உடம்பை மூடிய சேலை இல்லை, அதன் மேல் தனியாகச் சுற்றியிருந்த துணி. அடுத்த அரை மணி நேரம் அவர் ஆடிய கொடூரத்தில் துளிக்கூடக் குறைவில்லை.

அதனால்தான் தடை போடாதீர்கள் என்கிறேன். தீயவனாக ஆடுவதில் ஒரு பெரிய ருசி இருக்கிறது. நாம் எங்கே உடைவோம் என்று பாதுகாப்பாகத் தொட்டுப் பார்க்கும் இடம் அது. அதை உங்கள் மேசையிலிருந்து எடுத்துவிட்டால் நல்லவர்களின் நல்லதனத்துக்கும் எடை குறைந்துபோகும். ஆனால் கற்பூரம் ஏற்றாமல் ஆடக்கூடாது.

சரி, "என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்" என்ற பேச்சுக்கு வருவோம். இந்த வாக்கியம் இந்த விளையாட்டைப் போலவே பழையது என்று நினைக்கிறேன். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இதை வெளியிட்டபோது கேரக்டரின் குணச்சார்பைச் சொல்லும் அலைன்மென்ட்டில் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று மூன்றுதான் இருந்தன. நல்லது, தீயது என்ற அச்சும் சேர்ந்து ஒன்பதாக விரிந்த பட்டியல் 1978 விதிப்புத்தகத்தில் வந்தது. அதில் அசாசின் என்ற கொலையாளி தீயவனாகத்தான் இருக்க வேண்டும், பாலடின் என்ற புனித வீரன் ஒழுங்கும் நன்மையும் உள்ளவனாகத்தான் இருக்க வேண்டும். வழி தவறிய பாலடின் தன் சக்தியையே இழப்பான். அந்தக் காலத்து வழக்கத்திலிருந்துதான் அலைன்மென்ட் என்பது நெற்றியில் எழுதிய விதி என்ற நினைப்பு நமக்கு ஒட்டிக்கொண்டது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதற்கும் பகடைக்கும் அநேகமாகச் சம்பந்தமே இல்லை. 'தீயவன்' என்று தாளில் எழுதியிருப்பதால் மட்டும் ஒருவன் எதையும் செய்தாக வேண்டியதில்லை. அந்த ரோக் எதைச் செய்வான் என்பதை ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் நண்பர் உட்கார்ந்து முடிவு செய்கிறார். தீயவன் செய்யக்கூடிய பத்துக் காரியங்களில் கூட்டாளிகளின் ஆட்டத்தைக் கெடுக்கும் ஒன்றை அவர்தான் எடுக்கிறார். இதை அவரிடம் தனியாக, மேசையில் இல்லாமல் ஒரு டீக்கடையில் வைத்து, அன்பாகச் சொல்லுங்கள். ஏன் அதையே எடுக்கிறார் என்றும் கேளுங்கள். பல சமயம் கதையில் தனக்கு வேலை இல்லை என்ற ஏக்கம்தான் திருட்டாக வெளியே வரும். உங்கள் கதையில் கடைசியாக ரோக் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தை எப்போது வைத்தீர்கள் என்று நீங்களும் யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் அவரிடம் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வாங்குங்கள்: "இந்தப் பயணக் கூட்டத்தில் உன் ஆள் யாருக்குத் துரோகம் செய்யவே மாட்டான்? ஏன்?"

துரியோதனனை நினைத்துக்கொள்ளுங்கள். பானுமதியும் கர்ணனும் பகடை ஆடிக்கொண்டிருக்கிறார்கள். கணவன் வருவதைப் பார்த்து அவள் எழுகிறாள். தோற்கப் போவதால் பாதியில் போகிறாள் என்று நினைத்துக் கர்ணன் பிடித்து இழுக்க, மேகலை அறுந்து மணிகள் சிதறுகின்றன. துரியோதனன் பார்த்துவிட்டுக் கேட்டது "எடுக்கவோ, கோக்கவோ?" என்பதுதான். பாண்டவர்களை அரக்கு மாளிகையில் எரிக்கத் துணிந்த அதே ஆள்! அந்த ஒரு கேள்விக்காகத்தான் கர்ணன் அவனுக்காக உயிரையே கொடுத்தான். தீய கேரக்டர் எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. உலகத்துக்கே கொடியவனாக இருக்கட்டும், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் அவன் உயிர் கட்டப்பட்டிருக்க வேண்டும். கடனாக இருக்கலாம், சத்தியமாக இருக்கலாம், பழைய நட்பாக இருக்கலாம். சொன்ன வாக்கை மீறாத, கணக்கில் ஒரு பைசா பிசகாத கந்துவட்டிக்காரனை நம் பேட்டைகளில் பார்த்திருப்பீர்களே, ஒழுங்கான தீமை என்ற அலைன்மென்ட்டுக்கு உதாரணமாக அவனே போதும். அப்படி ஒருவனோடு சேர்ந்து பயணம் போக முடியும்.

கூட்டாளியின் பையில் கை வைப்பதற்கு என் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீரர் இன்னொரு வீரரின் கேரக்டருக்கு எதிராக எதைச் செய்தாலும் அது பலித்ததா இல்லையா என்பதை அந்த இரண்டாமவர்தான் சொல்வார். பகடை உருட்டலாமா வேண்டாமா என்பதும் அவர் விருப்பம். இதைச் சொன்ன அன்றே பாதித் திருட்டு நின்றுவிடும்.

இதெல்லாம் எளிதானது. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. "குடிசைகளுக்கு நெருப்பு வைத்துவிட்டான்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். தம்பி, நாம் வட சென்னைக்காரர்கள். நள்ளிரவில் ஒரு வரிசைக் குடிசை பிடித்து எரிவதையும், சிலிண்டர் வெடிக்கும் சத்தத்தையும், மறுநாள் காலையில் சாம்பலில் ரேஷன் கார்டு தேடும் பெண்களையும் பார்க்காமல் இங்கே வளர்ந்தவர்கள் குறைவு. அந்த அக்கா எங்கே வளர்ந்தவர் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? உங்களுக்கு அது கதையில் வந்த ஒரு குப்பம். அவருக்கு என்னவாக இருந்தது என்று யாராவது கேட்டீர்களா?

இப்படிக் கேட்க எனக்குத் தகுதி வந்தது நான் செய்த ஒரு தவறால்தான். பல வருடத்துக்கு முன்னால் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டில் நான் கதை நடத்தினேன். ஒரு வீரர் கைதி ஒருவனைச் சித்திரவதை செய்வதைக் காட்சி காட்சியாக விவரித்துக்கொண்டே போனார். டி.எம். நடுநிலையாக இருக்க வேண்டும் என்று நினைத்து நான் தடுக்கவில்லை. எதிரே ஒரு நண்பர் தலையைக் குனிந்துகொண்டு பகடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அதற்குப் பிறகு வரவேயில்லை. அவர் அண்ணனைப் போலீஸ் நிலையத்தில் அடித்த கதை எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. இன்றும் அந்தக் குனிந்த தலை எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கற்பூரம் ஏற்றுவது என்றால் இதுதான். ரான் எட்வர்ட்ஸ் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் இதற்குக் கோடு, திரை என்று இரண்டு சொற்களைக் கொடுத்திருக்கிறார். கோட்டுக்கு அப்பால் உள்ளது கதையில் வரவே வராது. திரைக்குப் பின்னால் உள்ளது நடக்கும், ஆனால் விவரிக்க மாட்டோம், அடுத்த காட்சிக்குப் போய்விடுவோம். கூத்துப் பார்த்து வளர்ந்த நமக்குத் திரையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜான் ஸ்டாவ்ரோபவுலோஸ் என்பவர் சொன்ன எக்ஸ் கார்டு இன்னும் சுலபம்: ஒரு அட்டையில் எக்ஸ் போட்டு மேசை நடுவில் வைத்துவிடுங்கள். யார் அதைத் தொட்டாலும் அந்த விஷயத்தை அங்கேயே விட்டுவிட வேண்டும், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. கதை தொடங்கும் முன்பு, செஷன் ஜீரோ என்று சொல்லும் முதல் கூட்டத்தில் பேச வேண்டியவை இவை. எட்டு மாதம் கழித்துப் பேசினாலும் குற்றமில்லை. ஒரு ஞாயிறு பகடையை எடுக்காமல் டீயும் பஜ்ஜியுமாக உட்கார்ந்து பேசுங்கள்.

நண்பர் தன் ரோக்கை மாற்ற மனமில்லை என்றால் அவனை உங்களிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். குப்பத்தை எரித்துவிட்டு ஓடிப்போன அவனே இந்தக் கதையின் பெரிய வில்லன் ஆகட்டும். நண்பர் புது ஆளை எழுதிக்கொண்டு அவனைத் தேடிப் போகட்டும். பல ஆட்டக்காரர்களுக்கு இந்த யோசனை ரொம்பவே பிடித்துவிடும்.

ஆனால் நண்பரிடம் பேசுவது இரண்டாவது வேலை. முதலில் அந்த அக்காவைப் போய்ப் பாருங்கள். மெசேஜில் வேண்டாம், நேரில் போங்கள். திரும்பி வரச் சொல்லிக் கேட்காதீர்கள். அன்றைக்கு நான் நிறுத்தியிருக்க வேண்டும் அக்கா, என்று மட்டும் சொல்லுங்கள். அவருடைய கேரக்டர் ஷீட் உங்களிடம்தானே இருக்கிறது? அதையும் கொண்டுபோங்கள். அந்தக் குப்பத்தில் அன்றைக்கு ராத்திரி என்ன நடந்தது, யார் பிழைத்தார்கள், இல்லை அப்படி ஒரு ராத்திரியே வரவில்லையா என்பதை அவர் சொல்லட்டும்.

அன்புடன்,
அண்ணன்