வாசகர் கேள்வி–பதில்: இரத்தத்துளி, கைக்கடிகாரம், மோப்ப எலி

உணரிகள், அதாவது பலரும் சென்சார் என்று சொல்லும் கருவிகள் குறித்து வந்த கடிதங்களிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுத்து இந்த இதழில் விடையளிக்கிறோம்.

கேள்வி: என் தந்தைக்குச் சர்க்கரை நோய். வீட்டில் உள்ள மீட்டரில் 182 காட்டியது. அரை மணி நேரம் கழித்து ஆய்வகத்தில் இரத்தம் கொடுத்தோம். 160 என்று அறிக்கை வந்தது. எதை நம்புவது? அந்தச் சின்ன ஸ்ட்ரிப் சர்க்கரையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? (வாசகி, திண்டுக்கல்)

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொன்னால், முதல் கேள்விக்கான விடை தானாகவே விளங்கும்.

ஸ்ட்ரிப்பின் நுனியில் மெல்லியதாகப் பூசி உலர்த்தப்பட்டிருப்பது ஒரு நொதி. பல ஸ்ட்ரிப்களில் அது குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் ஆகும். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்னும் கரும்பூஞ்சை தன் பிழைப்புக்காகச் சுரக்கும் பொருள் அது. இரத்தத்தில் எத்தனையோ சேர்மங்கள் கலந்திருந்தாலும், இந்த நொதி ஏறக்குறைய குளுக்கோஸை மட்டுமே பற்றிக்கொண்டு அதிலிருந்து எலெக்ட்ரான்களைப் பறிக்கிறது. அந்த எலெக்ட்ரான்களை வேறொரு வேதிப்பொருள் சுமந்து சென்று மின்முனையில் இறக்கிவிட, அங்கே உண்டாகும் மிகச் சிறிய மின்னோட்டத்தை மீட்டர் அளந்து, எண்ணாக மாற்றித் திரையில் காட்டுகிறது. ஆக, சர்க்கரையை அடையாளம் காண்பது பூஞ்சையின் நொதி. அளந்து சொல்வதுதான் மனிதன் செய்த மின்னணுப் பகுதி. எந்த உணரியைப் பார்த்தாலும் ‘இதில் அடையாளம் காண்பது எது?’ என்று கேட்டுப் பழகினால், அது எங்கே சரியாக இருக்கும், எங்கே தவறும் என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

இந்த இணைப்பை முதலில் முன்வைத்தவர் அமெரிக்க உயிர்வேதியியலாளர் லேலண்ட் கிளார்க். இரத்தத்தில் கரைந்துள்ள ஆக்ஸிஜனை அளக்கும் மின்முனை பற்றி அவர் 1956-இல் எழுதினார். அந்த மின்முனையின் மேல் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸை ஒரு படலமாக வைத்தால், நொதி எவ்வளவு ஆக்ஸிஜனைச் செலவழிக்கிறது என்பதைக் கொண்டு சர்க்கரையை அளந்துவிடலாம் என்று 1962-இல் சாம்ப் லயன்ஸ் என்பவருடன் சேர்ந்து விளக்கினார். ஓஹியோ மாநிலத்தின் எல்லோ ஸ்பிரிங்ஸ் நிறுவனம் அதை ஆய்வகக் கருவியாக 1975-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1980-களில், ஆக்ஸிஜனுக்குப் பதிலாக எலெக்ட்ரானைச் சுமக்கும் ஃபெரோசீன் வகைச் சேர்மங்கள் பயன்பாட்டுக்கு வந்த பிறகுதான், பேனா அளவிலான மீட்டர் 1987-இல் நோயாளியின் கைக்கு வந்தது. இன்றைய ஸ்ட்ரிப்களில் பலவற்றுக்கு ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைந்த இரத்தமே போதுமானது.

இனி உங்கள் 182-க்கும் 160-க்கும் வருவோம். வீட்டு மீட்டர்களுக்கான பன்னாட்டுத் தரநிலையின்படி, சர்க்கரை 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருக்கும்போது, நூற்றில் 95 அளவீடுகள் ஆய்வக மதிப்பிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். 160-க்கு 15 சதவீதம் கூட்டினால் 184. ஆகவே உங்கள் மீட்டர் பழுதானது என்று இந்த வேறுபாட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

ஆய்வகத்தின் எண்ணும் எப்போதும் அப்பழுக்கற்றது என்று எண்ண வேண்டாம். குழாயில் எடுத்து வைத்த இரத்தத்தில் உள்ள செல்கள் உயிருள்ளவை. அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருப்பதால், பிரித்தெடுக்காமல் அறை வெப்பத்தில் வைத்திருந்தால் மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் வரை குறைந்துபோகும். இதைத் தடுக்கத்தான் ஃபுளோரைடு சேர்த்த, சாம்பல் நிற மூடியுள்ள குழாயில் சர்க்கரைக்கான இரத்தத்தை எடுக்கிறார்கள். அதுவும் உடனே முழுமையாக வேலை செய்வதில்லை என்பதால், மாதிரி விரைவில் ஆய்வகத்தைச் சேர்வது நல்லது. மேலும், உணவுக்குப் பிறகு விரல்நுனி இரத்தத்தில் உள்ள சர்க்கரை, கைச்சிரை இரத்தத்தில் உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. பழம் உரித்த கையோடு விரலைக் குத்தினால், தோலில் ஒட்டிய பழச்சாற்றின் குளுக்கோஸையும் நொதி சேர்த்தே எண்ணும். நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கும் எண் பயமுறுத்தும் அளவுக்கு ஏறிவிடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது இதற்குப் போதாது, தண்ணீரில் கை கழுவித் துடைத்த பிறகே குத்த வேண்டும். அடுத்து, உங்கள் தந்தைக்கு இரத்தசோகை இருந்தால், பல மீட்டர்கள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். இதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். நோய் உண்டா இல்லையா என்று முடிவு செய்ய ஆய்வகம். அன்றாட ஏற்ற இறக்கத்தைப் பின்தொடர வீட்டு மீட்டர். இரண்டின் வேலையும் வேறு வேறு.

கேள்வி: ஊசியே குத்தாமல் சர்க்கரையைக் காட்டும் கைக்கடிகாரம் என்று இணையத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

வாங்க வேண்டாம். தோலைத் துளைக்காமல் தானாகவே இரத்தச் சர்க்கரையை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி வழங்கவில்லை என்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாகவே எச்சரித்தது.

முன்பு சொன்ன கேள்வியை இங்கேயும் கேளுங்கள்: இந்தக் கடிகாரத்தில் சர்க்கரையை அடையாளம் காண்பது எது? நொதி இல்லை. தோலின் மீது ஒளியைப் பாய்ச்சித் திரும்பி வருவதைப் படிப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் தோலில் நீர், கொழுப்பு, புரதம் எல்லாம் குளுக்கோஸைவிடப் பன்மடங்கு அதிகமாக இருந்து, அதே ஒளியைத் தாங்களும் உறிஞ்சுகின்றன. அந்த இரைச்சலுக்கு நடுவே குளுக்கோஸின் குரலைப் பிரித்தெடுக்கப் பல ஆண்டுகளாகப் பெரிய ஆய்வுக்கூடங்களே போராடி வருகின்றன. மெல்லிய மின்சாரத்தால் தோல்வழியே திரவத்தை இழுத்து அளந்த ‘குளுக்கோவாட்ச்’ 2001-இல் அனுமதி பெற்றும், தோல் எரிச்சல் முதலான காரணங்களால் நிலைக்கவில்லை. கண்ணீரில் சர்க்கரையை அளக்கும் கான்டாக்ட் லென்ஸைக் கூகுள் 2014-இல் அறிவித்தது. கண்ணீர்ச் சர்க்கரைக்கும் இரத்தச் சர்க்கரைக்கும் நம்பத்தக்க தொடர்பு கிடைக்காததால் 2018-இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது.

மேற்கையில் ஒட்டிக்கொள்ளும் வட்டமான உணரியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் தோலுக்குள் மயிரிழை போன்ற ஒரு மின்முனை நுழைகிறது. அதன்மேல் நொதி இருக்கிறது. சில வகைகள் 14 நாள்கள் வரை இயங்குகின்றன. அது அளப்பது செல்களுக்கு இடையிலுள்ள திரவத்தை என்பதால், இரத்தத்தைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும். சர்க்கரை வேகமாக இறங்கும்போது கை நடுங்கி வியர்த்தும் திரையில் எண் சரியாக இருந்தால், விரலைக் குத்திப் பார்ப்பதே பாதுகாப்பு. அத்தகைய உணரியின் அளவைக் கைக்கடிகாரம் பெற்றுத் திரையில் காட்டுமானால் அதில் தவறில்லை. வெறும் கடிகாரத்தின் கற்பனை எண்ணை நம்பி இன்சுலின் போட்டுக்கொண்டால், சர்க்கரை அபாயகரமாக இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

கேள்வி: இவ்வளவு தொழில்நுட்பம் வளர்ந்த பிறகும் வெடிகுண்டுக்கு நாயையும் கண்ணிவெடிக்கு எலியையும் ஏன் அழைத்துப் போகிறார்கள்? (வாசகர், திருநெல்வேலி)

இயந்திர மூக்கு இன்னும் அவற்றின் அருகே வரவில்லை என்பதால்தான். தான்சானியாவின் மொரோகோரோ நகரில், சொகொய்னே வேளாண் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இயங்கும் அபோபோ என்னும் அமைப்பு, கன்னத்தில் பை உள்ள பெரிய ஆப்பிரிக்க எலிகளுக்கு டிஎன்டி வெடிமருந்தின் வாசனையைக் கண்டுபிடிக்கப் பயிற்சி அளிக்கிறது. சரியாகச் சுட்டினால் ஒரு ‘கிளிக்’ ஒலியும் ஒரு துண்டு வாழைப்பழமும் கிடைக்கும். உலோகம் கண்டறியும் கருவி, துருப்பிடித்த ஆணிக்கும் ஒலிக்கும் என்பதால் ஒவ்வோர் ஒலிக்கும் மண்ணைக் கிளற வேண்டும். எலியோ உலோகத்தைப் பொருட்படுத்தாமல் வெடிமருந்தை மட்டுமே தேடுவதால், டென்னிஸ் ஆடுகளம் அளவுள்ள நிலத்தை அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. கருவி ஏந்திய மனிதருக்கு அதே வேலை நான்கு நாள்கள் வரை பிடிக்கலாம். மிதித்தாலும் கண்ணி வெடிக்காத அளவுக்கு அதன் எடை குறைவு என்பது மற்றொரு வசதி. கம்போடியாவில் பணியாற்றிய மகாவா என்னும் எலி நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளையும் வெடிக்காத குண்டுகளையும் காட்டிக்கொடுத்து, 2020-இல் பிரிட்டனின் விலங்கு நல அமைப்பு ஒன்றின் தங்கப் பதக்கத்தைப் பெற்றது. 2022 ஜனவரியில் இறந்த அந்த எலிக்கு எத்தனை பேர் தங்கள் கால்களையும் உயிரையும் கடன்பட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

அதே அமைப்பின் எலிகள் காசநோயாளிகளின் சளி மாதிரிகளையும் முகர்ந்து பார்க்கின்றன. ஆனால் அங்கே எலி சுட்டியதை வைத்து மட்டும் யாருக்கும் மருந்து கொடுப்பதில்லை. சுட்டப்பட்ட மாதிரியை ஆய்வகத்தில் மறுபடி சோதித்து உறுதி செய்த பிறகே நோய் என்று சொல்கிறார்கள். இந்த ஒழுங்கை நான் மிகவும் மதிக்கிறேன்.

இயந்திர மூக்கு ஏன் பின்தங்கியது? சமையலறையில் பொருத்தும் எரிவாயு எச்சரிப்பானைப் பாருங்கள். ஜப்பானியரான நவோயோஷி தகுச்சி 1960-களில் உருவாக்கிய முறையில், சூடாக்கிய வெள்ளீய ஆக்ஸைடின் மீது எரிவாயு பட்டால் அதன் மின்தடை குறைகிறது, உடனே ஒலி எழுகிறது. ஆனால் எரியக்கூடிய ஆவி எதுவாயினும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். சானிடைசரின் ஆவிக்கும் அது அலறும். இப்படித் தனித்தனியே துல்லியமற்ற பல உணரிகளை வரிசையாக வைத்து, அவை கூட்டாகத் தரும் கோலத்தைப் படிக்கலாம் என்பதை இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்சாட்டும் டாடும் 1982-இல் செய்து காட்டினர். உயிருள்ள மூக்கும் இந்த வழியில்தான் இயங்குகிறது: லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்சலும் 1991-இல் கண்டுபிடித்து 2004-இல் நோபல் பரிசு பெற்ற ஏற்பிகள், அதாவது மூக்கில் வாசனையைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள், மனிதருக்குச் சுமார் 400 வகை, எலிக்கோ ஆயிரத்துக்கும் மேல். இயந்திரத்தில் வரிசை குறுகியது. காற்றின் ஈரப்பதம் மாறினாலே அதன் அளவு தடுமாறும். மாதங்கள் செல்லச் செல்லத் தானாகவே விலகிப்போகும்.

ஆகவே ஏற்பிகளையே கடன் வாங்கும் முயற்சி நடக்கிறது. பூச்சிகளின் வாசனை ஏற்பிகளைத் தவளையின் முட்டைச் செல்களில் வளர்த்து, அச்செல்களை மின்கருவியோடு இணைத்து டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் ஒரு வாசனை உணரியைச் செய்தனர். பூஞ்சை நொதியை உலர்த்திப் புட்டியில் அடைக்கலாம். இந்த ஏற்பிகளுக்கோ செல்லின் ஈரமான சவ்வு வேண்டும், செல் செத்தால் உணரியும் செத்தது. அந்தத் தடையைக் கடக்கும் வரை எலிக்கும் நாய்க்கும் வேலை இருக்கும்.

கேள்வி: விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் கருத்த தோலில் தவறாகக் காட்டும் என்பது உண்மையா? (வாசகி, சென்னை)

ஓரளவு உண்மை. 1974-இல் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி வகுத்த முறைப்படி, இரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜனின் சதவீதத்தை அறிய இது சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்தி, துடிப்புக்கேற்ப மாறும் பகுதியை மட்டும் கணக்கில் கொள்கிறது. தோலின் நிறம் துடிப்பதில்லை என்பதால் அது கழிந்துவிடும் என்பது கோட்பாடு. நடைமுறையில் அது முழுவதும் கழிவதில்லை. அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளைக் கொண்டு 2020 டிசம்பரில் வெளியான ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதே தமனி இரத்தத்தில் உண்மை அளவு 88-க்குக் கீழே இருந்த நேர்வுகள் கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதமும் வெள்ளையரிடம் 3.6 சதவீதமுமாக இருந்தன. நகப்பூச்சும் விரல் குளிர்ந்திருப்பதும் அளவைக் கெடுக்கும். மூச்சுத்திணறல் இருக்கும்போது கருவி 95 காட்டுகிறதே என்று வீட்டில் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்; தமனி இரத்தத்தை நேரடியாகச் சோதித்து அங்கே உறுதி செய்வார்கள்.