ஹேண்டில் நடுவில் பிடிக்கிறதா?

கேள்வி: பைக்கின் ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பினால், நேராக வரும் இடத்தில் 'டக்' என்று பள்ளத்தில் விழுந்ததுபோல் நிற்கிறது. நட்டை இறுக்கியும் சரியாகவில்லை. கோன் செட்டை (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங் தொகுப்பு) மாற்றித்தான் ஆகவேண்டுமா? வீட்டிலேயே செய்யலாமா?

பதில்: மாற்றித்தான் ஆகவேண்டும். உள்ளே நிஜமாகவே பள்ளம் விழுந்திருக்கிறது. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால், சாலையில் விழும் ஒவ்வொரு அடியும் ரேஸின் (பால்கள் எனும் எஃகுக் குண்டுகள் உருளும் வளையம்) அதே இடத்தில்தான் இறங்குகிறது. கிரீஸ் வறண்டு, நட்டும் தளர்ந்திருந்தால் அங்கே பால்களின் தடம் வரிசையாகக் குழிந்துவிடும். இறுக்கினால் பால்கள் குழிக்குள் இன்னும் அழுந்தும், அவ்வளவுதான். புது பால் மட்டும் போடுவதும் வீண். மேலும் கீழுமாக நான்கு ரேஸ்களையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பொறுமை இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். இன்ஜினுக்கு அடியில் கெட்டியாக முட்டுக் கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்குங்கள். சக்கரம், மட்கார்டு, ஃபோர்க், ஹேண்டில்பார் எல்லாம் கழல வேண்டும். பிரேக் காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவிடுங்கள். ஃபோர்க்கை மேலே பிடித்திருக்கும் மேல் பிளேட்டை எடுத்தபின், வளைய நட்டைச் சி-ஸ்பேனரால் (கொக்கி வடிவ ஸ்பேனர்) கழற்றும்போது இன்னொரு கை ஸ்டெம்மைக் (ஃபிரேமுக்குள் நுழைந்து திரும்பும் தண்டு) கீழிருந்து தாங்க வேண்டும். இல்லையென்றால் பால்கள் தரையெல்லாம் ஓடும். மேலே எத்தனை, கீழே எத்தனை என்று தனித்தனியாக எண்ணி வையுங்கள். சில வண்டிகளில் எண்ணிக்கையும் அளவும் வேறுபடும்.

ஃபிரேமில் இருக்கும் ரேஸை எதிர்ப்பக்கத்திலிருந்து நீளமான பஞ்ச் (தட்டி இறக்கும் இரும்புக் கம்பி) விட்டு, இடம் மாற்றி மாற்றித் தட்டி இறக்குங்கள். ஒரே பக்கம் தட்டினால் கோணிக்கொண்டு இறுகிவிடும். பஞ்ச் பிடிக்க விளிம்பே இல்லாவிட்டால், வெல்டரிடம் ரேஸின் உள்சுற்றில் ஒரு கோடு வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். ஆறும்போது ரேஸ் சுருங்கித் தளர்ந்துவிடும். புது ரேஸைச் சில மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, பழைய ரேஸை அதன்மேல் கவிழ்த்துத் தட்டி இறக்கலாம். தட்டும் ஓசை மந்தமாக இருந்து 'ணங்' என்று மாறினால் அடியில் உட்கார்ந்துவிட்டது. ஸ்டெம்மின் அடி ரேஸை உளியால் சுற்றிச் சுற்றி நெம்பி எடுங்கள். புதியதைப் போடுமுன் அதன் கீழே வரும் டஸ்ட் சீலை மறந்தால், மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும்.

தண்ணீரில் கரையாத லித்தியம் கிரீஸைத் தாராளமாக அப்புங்கள். பால்கள் அதிலேயே ஒட்டி நிற்கும்.

கேள்வி: கோன் செட்டில் பால்களுக்குப் பதிலாக டேப்பர் ரோலர் (கூம்பு உருளை) பேரிங் போட்டதிலிருந்து மெதுவாகப் போனால் வண்டி இருபுறமும் அலைகிறது. பேரிங் கோளாறா?

பதில்: அநேகமாக வளைய நட்டு அதிகமாக இறுகியிருக்கிறது. முதலில் இறுக்கி, ஹேண்டிலைக் கோடிக்குக் கோடி ஐந்தாறு முறை திருப்பி பேரிங்கை உட்கார வைக்க வேண்டும். பிறகு நட்டைத் தளர்த்தி, ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் மறுபடி இறுக்க வேண்டும். சக்கரம் அந்தரத்தில் இருக்கையில் நடுவிலிருந்து லேசாகத் தட்டினால் ஹேண்டில் தன் எடையிலேயே ஓரத்துக்குப் போய் விழ வேண்டும். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. கேபிளோ வயரோ இழுத்துப் பிடித்தாலும் ஹேண்டில் விழாது, அதையும் பார்த்துவிடுங்கள். மேல் பிளேட்டைப் பிடிக்கும் மேல் நட்டை இறுக்கும்போது பேரிங் இன்னும் கொஞ்சம் அழுந்தும் என்பதால், இந்தச் சோதனையை அதற்குப் பிறகும் செய்ய வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.