வாசகர் கேள்வி: வீட்டில் பதிவு செய்தால் குற்றமா?

பாட்டு, டிவி பதிவுகள் பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பதில்கள் மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தையும், அதில் 2012, 2022 ஆண்டுகளில் வந்த திருத்தங்களையும் ஒட்டியவை.

கே: எனக்கு இரவு ஷிப்டு. டிவி2-இல் வரும் தமிழ் நிகழ்ச்சிகளை டிவியில் செருகிய பென்டிரைவில் பதிந்து வைத்து, லீவு நாளில் பார்க்கிறேன். இது திருட்டுப் பதிவு என்கிறார் மச்சான். உண்மையா?
— வாசகர், பட்டர்வொர்த்

ப: உங்கள் மச்சான் சொல்வது தவறு. ஒளிபரப்பை ஒருவர் தம் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகப் பதிந்துகொள்வதைச் சட்டத்தின் 13(2) பிரிவு வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. மின்னல் எஃப்எம்மில் வரும் பாட்டைப் பதிந்தாலும் அப்படித்தான். எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று கெடு எதுவும் அதில் சொல்லப்படவில்லை. ஆனால் அனுமதி, பதிவு செய்தவரின் உபயோகத்துக்கு மட்டும்தான். அதே கோப்பை வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிட்டால் இந்த விதிவிலக்கு துணைக்கு வராது.

சட்டத்தை விட உங்களுக்குத் தொல்லை கொடுக்கப்போவது பென்டிரைவ்தான். எச்டி நிகழ்ச்சி மணிக்கு ஏறக்குறைய 2 முதல் 4 ஜிபி பிடிக்கும். பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது; பதிவு துண்டு துண்டாக விழும், அல்லது பாதியில் நின்றுவிடும். இன்னொன்று: பல டிவிகள் பதிவைப் பூட்டி, அந்த ஒரு பெட்டியில் மட்டுமே ஓடும்படி வைக்கின்றன. டிவி பழுதாகி மதர்போர்டை மாற்றினால் பழைய பதிவுகள் அனைத்தும் போச்சு. பத்திரப்படுத்த நினைப்பவர்கள், முதலில் ஐந்து நிமிடம் பதிந்து, பென்டிரைவைக் கழற்றி கணினியில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓடவில்லை என்பதற்காகப் பூட்டை உடைக்கும் மென்பொருளைத் தேடிப் போகாதீர்கள். வீட்டில் பதிவதற்கு இருக்கும் அனுமதி பூட்டை உடைப்பதற்கு இல்லை. தொழில்நுட்பப் பூட்டை உடைப்பது 36ஏ பிரிவில் தனியாகவே தடுக்கப்பட்டிருக்கிறது.

கே: அப்பா மஸ்ஜித் இந்தியா கடைகளில் வாங்கிய கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய உள்ளன. கணினியில் ஏற்றலாமா? எப்படி ஏற்றுவது? பக்கத்து வீட்டார் பிரதி கேட்கிறார்கள், காசும் தருகிறார்களாம்.
— வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

ப: காசு வாங்கும் யோசனையை இப்போதே விடுங்கள். விற்கவோ வாடகைக்கு விடவோ பிரதி எடுத்தால் 41ஆம் பிரிவின்படி ஒவ்வொரு பிரதிக்கும் 2,000 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஒரே பாடல் தொகுப்பின் கள்ளப் பிரதிகள் மூன்று உங்கள் கையில் இருந்தாலே, அது சொந்த உபயோகத்துக்கல்ல என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு.

சொந்தமாகக் கேட்க ஒரு பிரதி எடுப்பது சரியா தவறா என்று சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. ஒளிபரப்புக்கு இருப்பதுபோல், வாங்கிய கேசட்டுக்கோ சிடிக்கோ நேரடி விதிவிலக்கு இல்லை. நியாயமான பயன்பாடு என்ற பொது விதி மட்டும் உண்டு. 2012க்குப் பிறகு அதன் வாசல் அகலமாகியிருக்கிறது. பயன்பாட்டின் நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தைக்கு ஏற்படும் பாதிப்பு ஆகிய நான்கையும் வைத்து எடைபோடுவார்கள். கடையில் கிடைக்காத பழைய கேசட்டை வீட்டில் கேட்பதற்காக மாற்றுவது இந்த எடையில் தேறும் என்பது எங்கள் கருத்து.

இனி வேலை. முதலில் கேசட்டின் ஜன்னல் வழியே நாடாவின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சணம், நம் ஊர் ஈரப்பதத்தின் கைங்கரியம். அதை கேசட் டெக்கில் போட்டால், நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். தனியே எடுத்து வையுங்கள். நல்லவற்றை முன்னும் பின்னும் ஒருமுறை முழுக்க ஓட்டினால் நாடாவின் இறுக்கம் சீராகும். டெக்கின் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரோபில் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள்.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து கணினியின் லைன் இன்னுக்கு ஒயர் போக வேண்டும். மைக் துளையில் செருகுவதுதான் பலர் செய்யும் தவறு: ஒலி அளவுக்கு மீறிப் பெருகிக் கரகரக்கும், ஸ்டீரியோவும் ஒற்றையாகிவிடும். மடிக்கணினியில் பெரும்பாலும் மைக் துளை மட்டும்தான் இருக்கும் என்பதால், லைன் இன் உள்ள யூஎஸ்பி ஒலிப் பெட்டி ஒன்று வாங்குங்கள். ஆடாசிட்டி மென்பொருள் இலவசம். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ; உச்சச் சத்தம் −6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி, அதாவது 60 நிமிடம் ஓடும் சி-60 கேசட் ஒன்று 600 எம்பி. தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்பாகச் சேமித்தால் ஏறக்குறைய பாதி.

பாட்டு மூடிய அறைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கலாகக் கேட்டால் நாடாவைக் குறை சொல்லாதீர்கள். ஹெட்டின் சாய்வு பொருந்தாமல் இருக்கலாம். ஹெட்டின் ஓரத்திலுள்ள சிறு திருகை, மோனோவில் (இடது, வலது ஒலியை ஒன்றாக்கி) கேட்டுக்கொண்டே, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, 'ஸ்' ஒலி கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். இரைச்சல் நீக்கும் வேலை எல்லாவற்றுக்கும் கடைசியில்தான், அதுவும் பதிந்த கோப்பின் பிரதியில் மட்டும்.

கே: எங்கள் கல்யாண வீடியோ விஎச்எஸ் நாடாவில் இருக்கிறது. மாற்றித் தரும் கடைக்காரர், எடுத்தவரின் அனுமதி வேண்டும் என்கிறார்.
— வாசகி, செந்தூல்

ப: பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன வேலையின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவரைச் சேரும் என்கிறது 26ஆம் பிரிவு. எனவே வீடியோ உங்களுடையது. பின்னணியில் ஒட்டிய சினிமாப் பாட்டு உங்களுடையதல்ல. யூடியூப்பில் ஏற்றினால் சத்தம் அடைபடுவது அதனால்தான்.

பழைய நாடாவின் சமிக்ஞை ஆட்டம் காண்பதால், சில பதிவுக் கருவிகள் அதை நகல் தடுப்புப் பூட்டு என்று தவறாக எடுத்துக்கொண்டு மறுக்கும். அப்படியானால், சமிக்ஞையை நேராக்கும் டைம் பேஸ் கரெக்டர் உள்ள கடையாகப் பார்த்துக் கொடுங்கள்.

கே: 1960களின் பாடல்கள் இப்போது பொதுச்சொத்துதானே? 50 ஆண்டு கடந்துவிட்டதே?
— வாசகர், ஆயர் ஈத்தாம்

ப: பாதி சரி. இங்கே ஒலிப்பதிவுக்கு 50 ஆண்டுதான். 1965இல் வெளிவந்த இசைத்தட்டின் கெடு 2015 முடிவில் தீர்ந்தது. ஆனால் வரிகளுக்கும் மெட்டுக்கும் படைத்தவர் இறந்த பிறகு 50 ஆண்டு. கண்ணதாசன் 1981இல் மறைந்தார். அவர் வரிகள் 2031 முடிவு வரை காப்பில் இருக்கும். எம்.எஸ்.விஸ்வநாதன் மறைந்தது 2015இல், ஆக மெட்டு 2065 வரை. இந்தியாவில் 50க்குப் பதில் 60 ஆண்டு.

கே: எல்லா அலைவரிசையும் இலவசம் என்று ஆண்ட்ராய்டு பெட்டி விற்கிறார்கள். வாங்கி மற்றவர்களுக்கும் கொடுக்கலாமா?
— வாசகர், பிறை

ப: வேண்டாம். 2022 மார்ச் 18 முதல், திருட்டு ஒளிபரப்புக்கு உதவும் பெட்டியை விற்பதும் வினியோகிப்பதும் 10,000 முதல் 2,00,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுக்குமான குற்றம்.

கே: தமிழ்ப்பள்ளிக் கட்டட நிதிக்கு விருந்து நடத்துகிறோம். பாட்டுப் போட லைசென்ஸ் தேவையா?
— பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர், பாகான் டாலாம்

ப: லாப நோக்கமற்ற சங்கம், கல்வி அல்லது அறப்பணிக்காக, நுழைவுக் கட்டணமின்றி நடத்தினால் தேவையில்லை. சீட்டு விற்றால் இந்தச் சலுகை போய்விடும். அப்போது கவிஞர், இசையமைப்பாளர் சார்பில் எம்ஏசிபி, ஒலிப்பதிவு நிறுவனங்கள் சார்பில் பிபிஎம், பாடகர், இசைஞர் சார்பில் ஆர்பிஎம் ஆகிய உரிம அமைப்புகளை அணுக வேண்டும். மேடையில் நேரடி இசைக்குழு மட்டும் என்றால் எம்ஏசிபி போதும். பாடகர் 'மைனஸ் ஒன்' டிராக்கை (குரல் இல்லாத பின்னணி இசையை) ஓடவிட்டுப் பாடினால் அதுவும் ஒலிப்பதிவுதான் என்பதை மறக்க வேண்டாம்.