சக்கரத்துக்கு மேல் இருக்கும் துணி மக்கிப் போகுமா?

கேள்வி: என் காரில் பின்சக்கரங்களுக்கு மேலே பிளாஸ்டிக்குக்குப் பதிலாகக் கம்பளி மாதிரி ஒரு துணி இருக்கிறது. இரண்டு மழைக்காலம் போனதும் அதில் முடி முடியாக இழை கிளம்பிவிட்டது. தண்ணீரில் ஊறி மக்கிவிடாதா? அதை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் லைனர் (சக்கரத்துக்கு மேலே உள்பக்கம் மூடும் உறை) போட்டுவிடட்டுமா?
– வாசகர், திண்டிவனம்

பதில்: மாற்றாதீர்கள். அது பெரும்பாலும் பாலியஸ்டர்தான். தண்ணீர் பாட்டில் செய்கிற அதே பிளாஸ்டிக்கை இழையாக்கி, முள் வைத்த ஊசிகளால் குத்திக் குத்திப் பின்னவைத்து, சூடாக்கி அச்சில் அழுத்தி எடுக்கிறார்கள். தறியில் நெய்தது இல்லை என்பதால் ஓர் இழை அறுந்தாலும் வரிசையாகப் பிரிந்து வராது. நனையும், காயும், மக்காது.

டயர் வாரியடிக்கிற மணலால் மேல் இழை கிளம்பத்தான் செய்யும். கையால் அழுத்திப் பாருங்கள். விறைப்பாகத் திரும்பி வந்தால் லைனர் நன்றாக இருக்கிறது. தொளதொளவென்று கையோடு வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

நான் பார்த்தவரை, இந்த லைனர் முதலில் போவது, அதைக் காரோடு பிடித்து வைக்கிற கிளிப்பின் ஓட்டையில். ஈரச் சேறு அப்பிக்கொண்டு கனம் ஏறும்போது துணி கீழே இழுக்கும், கிளிப் நகராது. வட்டமாக இருந்த ஓட்டை நீளவாக்கில் கிழிந்து, ஒருநாள் கிளிப்பின் தலையே அதன் வழியாக வெளியே வந்துவிடும். அப்புறம் ஹைவேயில் ஓரம் படபடவென்று அடித்து டயரில் உரசும். கிழிசல் சின்னதாக இருக்கும்போதே அகலமான வாஷர் வைத்துக் கிளிப் போட்டால் போதும், முழு லைனரையும் மாற்ற வேண்டியதில்லை.

வாட்டர் வாஷில் பக்கத்திலேயே நின்று சொல்லுங்கள்: தண்ணீர் பீய்ச்சுகிற கன்னைத் துணிக்கு ஒட்டிப் பிடிக்கக் கூடாது, ஓரத்தில் அடிக்கக் கூடாது. ஓரத்தில் அடித்தால் துணி ஏடு ஏடாகக் கிளம்பும். கழுவி முடித்ததும் அடியில் டீசலோ பழைய ஆயிலோ அடிக்கிற வழக்கம் இன்னும் நிறைய இடத்தில் இருக்கிறது. இந்தத் துணியில் அது படவே கூடாது. எண்ணெய் இறங்கிய இடத்தில் புழுதி பிடித்து இறுகிவிடும். துருப்பிடிக்காமல் இருக்கக் காரின் அடியில் அடிக்கிற அண்டர்பாடி கோட்டிங்கும் இதில் படக் கூடாது. கல் வந்து மோதினால் பிளாஸ்டிக் தானும் அதிர்ந்து சத்தம் போடும். துணி இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியால் அந்தச் சத்தத்தை உள்வாங்கிக்கொள்ளும். அந்த இடைவெளியைக் கோட்டிங்கால் அடைத்துவிட்டால் துணி இருந்தும் பயனில்லை.

நான் கவலைப்படுவது துணிக்குப் பின்னால் இருக்கும் தகரத்தைப் பற்றித்தான். லைனருக்கும் ஃபெண்டர் (சக்கரத்தைச் சுற்றியுள்ள வெளித்தகரம்) மடிப்புக்கும் நடுவே சேறு தங்கி, ஈரம் காயாமல் துருப்பிடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. கார்த்திகை மழை ஓய்ந்ததும் கீழ் ஓரக் கிளிப்புகளைக் கழற்றி, உள்ளே கைவிட்டுச் சேற்றை எடுத்து, மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவி, வெயிலில் காயவிடுங்கள். நான்கு சக்கரத்துக்கும் செய்யுங்கள்.

கிளம்பிய இழையை லைட்டரால் பொசுக்க மட்டும் யாருக்கும் இடம் கொடுக்காதீர்கள். பாலியஸ்டர் உருகிக் கட்டியாகிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, பல கார்களில் பெட்ரோல் ஊற்றுகிற குழாய் பின்சக்கர லைனருக்குப் பின்னால்தான் இறங்குகிறது.

கேள்வி: என் பழைய காரில் பிளாஸ்டிக் லைனர்தான். சத்தம் குறைய அதன்மேல் கார்பெட் துணி ஒட்டலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: வேண்டாம். சணலோ பருத்தியோ கலந்திருந்தால் ஒரே மழையில் நாறும். பசை விட்டுத் தொங்கினால் ஓடுகிற டயர் இழுத்துக்கொள்ளும். உங்கள் மாடலுக்கென்றே அச்சில் வார்த்த துணி லைனர் கிடைத்தால் போடுங்கள். கிடைக்காவிட்டால் முதலில் டயரைப் பாருங்கள். தேய்ந்து மேடுபள்ளமான டயர் போடுகிற சத்தத்தை எந்த லைனராலும் அடக்க முடியாது.