பிடித்துவிட்டால் சரியாகுமா? மசாஜ் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: பல வருடமாக இடுப்பு வலி. ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை, மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது. மசாஜ் எடுக்கலாமா, வீண் செலவா?

பதில்: எடுக்கலாம், ஆனால் அதையே நம்பி உட்காராதீர்கள். அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் சூடு ஒத்தடம், மசாஜ் போன்றவற்றைப் பார்க்கச் சொல்கிறது; உங்களுடையதைப் போல நாள்பட்ட வலி என்றால் அதே வழிகாட்டுதல் உடற்பயிற்சிப் பக்கம் திரும்பிவிடுகிறது. மசாஜ் தருவது கொஞ்ச காலத்து நிம்மதி. வலி அடங்கியிருக்கும் அந்த இடைவெளியில் எழுந்து நடந்து, பயிற்சி செய்து இடுப்புத் தசையைப் பலப்படுத்திக்கொண்டால் கொடுத்த காசுக்கு அர்த்தம் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த தடவை எப்போது என்று நாள் எண்ணிக்கொண்டிருப்பீர்கள், அவ்வளவுதான். இடையில் கால் மரத்தாலோ, சிறுநீர் தன்னை அறியாமல் போனாலோ மசாஜ் மேஜை அல்ல, நேராக மருத்துவமனை.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். நன்றாக அழுத்திப் பிடித்தால்தான் குணமாகும் என்கிறாரே ஒருவர்?

பதில்: தேய்ந்த குருத்தெலும்பு எந்தக் கையாலும் திரும்ப வளராது. வலியும் விறைப்பும் கொஞ்சம் குறையலாம், தூக்கமும் நன்றாக வரலாம், அதற்கு மிதமான அழுத்தமே போதும். வலிக்க வலிக்கப் பிடித்தால்தான் பலன் என்பதை யார் கிளப்பிவிட்டார்களோ! வயதானவர் வேறு, எலும்பு பலவீனமாக இருந்தாலோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ மருத்துவரைக் கேட்காமல் யாரையும் தொடவிடாதீர்கள். மூட்டு சிவந்து சூடாக இருக்கும் நாட்களில் விட்டுவிடுங்கள்.

கேள்வி: நீண்ட பயணம் போய் வந்ததிலிருந்து ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கிறது. எண்ணெய் போட்டு நீவிவிடலாமா?

பதில்: கூடாது! ஆழ்ந்த ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். நீவும்போது அந்தக் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. இன்றே மருத்துவரிடம் போங்கள், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: ஓட்டப் பயிற்சிக்குப் பிறகு மசாஜ் செய்தால் தசையில் சேரும் லாக்டிக் அமிலம் வெளியேறுமாமே?

பதில்: அதை உடம்பே ஒன்றிரண்டு மணி நேரத்தில் தீர்த்துவிடுகிறது. மறுநாள் வலிப்பது தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவால். அந்த வலியை மசாஜ் ஓரளவு குறைக்கும், செய்துகொள்ளுங்கள், ஆனால் வேகம் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.