பழைய அட்டை, புதிய ஓவியம்: டாரட் வாசிப்பு பற்றிய கேள்விகளும் பதில்களும்

நகரம், கடல், விலங்குகள், தையற்கலை என்று ஏதேனும் ஒரு கருப்பொருளை வைத்து வரையப்பட்ட புதிய டாரட் தொகுதிகளை, அதாவது படம் பார்த்துப் பொருள் வாசிக்கும் அட்டைக் கட்டுகளைப் பற்றி வந்த கேள்விகளை இம்முறை எடுத்துக்கொள்கிறேன். கேட்டவர்களில் பெரும்பாலோர் ரைடர்-வெய்ட் தொகுதியில் பயின்றவர்கள். ஆர்தர் எட்வர்ட் வெய்ட்டின் வழிகாட்டலில் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்து 1909-இல் லண்டனில் வெளியான அந்தத் தொகுதியையே என் பதில்களிலும் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என்னிடம் இருப்பது நகர வாழ்க்கையைக் காட்டும் தொகுதி. அதன் ஹெர்மிட் (துறவி) அட்டையில் முதியவரும் இல்லை, மலையும் இல்லை, விளக்கும் இல்லை. ஆளில்லாத அலுவலகத்தில் நள்ளிரவில் கணினித் திரைக்கு முன்னால் ஓர் இளம்பெண் அமர்ந்திருக்கிறாள். கையேட்டில் "தனிமை" என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. இதை ஹெர்மிட் என்று எப்படி வாசிப்பது?

பதில்: பொருள்களைத் தேடாமல் செயலைத் தேடுங்கள். ஸ்மித்தின் ஓவியத்தில் பனி படர்ந்த உச்சியில் நிற்கும் முதியவர், ஆறுமுனை நட்சத்திரம் ஒளிரும் விளக்கைக் கையில் உயர்த்திப் பிடித்திருக்கிறார், தலை குனிந்திருக்கிறது, மற்றொரு கையில் ஊன்றுகோல். விலகி வந்திருக்கிறார், ஒளியைத் தாமே ஏந்துகிறார், அந்த ஒளி பின்னால் வருபவருக்கும் தெரியும் உயரத்தில் இருக்கிறது. இந்த மூன்று செயல்களையும் உங்கள் அட்டையில் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். விலகல் இருக்கிறது. ஆனால் அங்கே ஒளியை அந்தப் பெண் ஏந்தவில்லை; திரையின் ஒளி அவள் முகத்தின்மேல் விழுகிறது. அந்த ஒளி வேறு யாருக்கும் வழிகாட்டுவதாகவும் தெரியவில்லை. ஓவியர் மரபிலிருந்து விலகிய இடம் இதுதான், அவர் தம் கருத்தைச் சொல்லும் இடமும் இதுதான். ஆகவே "தனிமை" என்ற சொல்லோடு நின்றுவிடாமல், இது தேர்ந்துகொண்ட தனிமையா, வந்து கவிந்த தனிமையா என்ற கேள்வியை அட்டை கேட்க வந்தவர் முன் வையுங்கள்.

விளக்கு இல்லாததால் இது ஹெர்மிட்டே ஆகாது என்று கவலைப்பட வேண்டியதில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் மிலான் பிரபுக்களுக்காக வரையப்பட்ட விஸ்கொந்தி-ஸ்ஃபோர்சா அட்டைகளில் அந்த முதியவர் கையில் இருப்பது மணற்கடிகாரம். அங்கே அவர் காலத்தின் உருவம். நாம் மூலம் என்று நினைக்கும் விளக்கே பிற்காலத்தில் வந்ததுதான்.

கேள்வி: புதிதாக வாங்கிய தொகுதியில் ஜஸ்டிஸ் (நீதி) எட்டாவதாகவும் ஸ்ட்ரெங்த் (வலிமை) பதினொன்றாவதாகவும் இருக்கின்றன. அச்சுப் பிழையா?

பதில்: பிழை இல்லை. பிரான்ஸின் பழைய டாரட் வகையான மார்செய் மரபின் வரிசை அதுவே. அவ்விரண்டையும் இடம் மாற்றி ஸ்ட்ரெங்த் அட்டையை எட்டாவதாக வைத்தது ரைடர்-வெய்ட் தொகுதி. உங்கள் தொகுதி எந்த மரபில் வந்தது என்பதற்கு இது நல்ல அடையாளம். மார்செய் வழிப்பட்டதாக இருந்தால், எண் அட்டைகளில் (கோப்பை, வாள், கோல், நாணயம் என்ற நான்கு குடும்பங்களின் எண்ணிட்ட அட்டைகளில்) காட்சிகள் இல்லாமல் கோப்பைகளோ வாள்களோ அடுக்கிவைத்தாற்போல மட்டும் இருக்கக்கூடும். ஸ்ட்ரெங்த் இருக்க வேண்டிய இடத்தில் லஸ்ட் (இச்சை) என்றும், டெம்பரன்ஸ் (நிதானம்) இருக்க வேண்டிய இடத்தில் ஆர்ட் (கலை) என்றும் பெயர்கள் இருந்தால், மறைஞான எழுத்தாளர் அலிஸ்டர் க்ரௌலிக்காக ஃப்ரீடா ஹாரிஸ் வரைந்த தோத் தொகுதியின் வழி என்று கொள்ளலாம். மரபை அறியாமல் ஓவியத்துக்குப் பொருள் தேடினால், ஓவியர் சிந்திக்கவே இல்லாத ஒரு படத்தோடு அவருடைய படத்தை ஒப்பிட்டுக்கொண்டிருப்போம்.

கேள்வி: தையற்கலையை வைத்து அமைந்த தொகுதி என்னுடையது. வாள்களுக்குப் பதில் ஊசிகள். மூன்றாம் வாள் அட்டையில் துணியால் செய்த இதயத்தில் மூன்று ஊசிகள் குத்தியிருக்கின்றன. இரண்டில் நூல் கோத்திருக்கிறது, ஒன்றில் இல்லை. இது மனமுறிவா, மனம் ஆறுவதா?

பதில்: வந்த கேள்விகளில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது இதுதான். இதயத்தை மூன்று வாள்கள் துளைக்கும் உருவம் ஸ்மித்துக்கும் முந்தியது. ஏறத்தாழ 1491-ஐச் சேர்ந்த சோலா புஸ்கா என்னும் இத்தாலியத் தொகுதியில் அது இருக்கிறது. அதன் புகைப்படங்கள் 1907-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன, ஸ்மித் அங்கிருந்தே அவ்வுருவத்தைப் பெற்றார் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அவருடைய படத்தில் பின்னணியில் மழை பெய்கிறது. காயத்தை ஆற்றுவதற்கான எதுவும் அங்கே இல்லை.

வாளும் ஊசியும் துளைப்பதில் ஒன்றுதான். ஆனால் ஊசி துளைத்த வழியிலேயே நூல் வருகிறது. வலிக்காமல் தைக்க முடியாது என்பதை உங்கள் ஓவியர் சொல்கிறார். அப்படியென்றால் மூன்று ஊசிகளிலும் நூலைக் கோத்திருக்கலாமே, ஏன் ஒன்றை வெறுமனே விட்டார்? அந்த ஊசி குத்துகிறது, ஆனால் எதையும் இணைக்கவில்லை. மனமுறிவா, ஆறுதலா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்லிவிடாதீர்கள். "உங்கள் துயரத்தில் எந்தப் பகுதி உங்களைச் சேர்த்துக் கட்டுகிறது, எது வெறுமனே குத்திக்கொண்டிருக்கிறது?" என்று கேளுங்கள். அந்த வெற்று ஊசியை வைத்தே ஒரு வாசிப்பு முழுவதையும் நடத்தலாம். தையல் முடிந்து நூலில் முடிச்சு விழுந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். முடிச்சு இல்லையென்றால் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

கேள்வி: விலங்குத் தொகுதியில் வாள் குடும்பத்தின் நான்கு அரசவை அட்டைகளும் (அரசன், அரசி, நைட் என்னும் வீரர், பேஜ் என்னும் பணியாள்) ஆந்தைகளாகவே இருக்கின்றன. எங்களுக்கு ஆந்தை என்றாலே அபசகுனம். என்ன செய்வது?

பதில்: ஆந்தை சிலருக்கு அபசகுனம், சிலருக்கு அறிவு. அதை வரைந்தவருக்கு அது எது என்பதைக் கையேட்டிலிருந்தும் மற்ற அட்டைகளிலிருந்தும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். நான்கையும் வேறுபடுத்த இனத்தைப் பார்க்க வேண்டாம், நிலையைப் பாருங்கள்: அமர்ந்திருக்கிறதா, பறக்கிறதா, எதையேனும் காக்கிறதா, பார்வை எங்கே போகிறது. பழைய தொகுதிகளில் நைட் குதிரையேறிப் போவார், அரசனும் அரசியும் அரியணையில் இருப்பார்கள். அந்த இயக்கமும் இருப்பும் பெரும்பாலும் புதிய ஓவியத்திலும் தப்பிப் பிழைத்திருக்கும். வாள் குடும்பம் காற்றையும் கோல் குடும்பம் நெருப்பையும் குறிக்கும் என்பதே பரவலான வழக்கு என்றாலும், இரண்டையும் மாற்றிக்கொள்ளும் தொகுதிகளும் உண்டு என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: அட்டை தலைகீழாக விழுந்தால் வேறு பொருள் கொள்வது வழக்கம். வட்டமான அட்டைகளில் தலைகீழ் என்பதை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: நேர், தலைகீழ் என்று இரண்டாகப் பிரிக்க வேண்டாம். 1980-களின் தொடக்கத்தில் வெளியான மதர்பீஸ் தொகுதி இவ்வடிவத்துக்குப் பெயர்பெற்றது. அட்டை எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அந்த அளவுக்குச் சாய்த்தே வாசியுங்கள்.

கேள்வி: டெத் (மரணம்) அட்டையில் எலும்புருவம் இல்லை, ரயில் நடைமேடையில் ஒரு காலி இருக்கை மட்டும் இருக்கிறது. தாயாரின் உடல்நிலையைப் பற்றிக் கேட்ட என் தோழிக்கு அந்த அட்டை வந்தது, அவள் அழுதுவிட்டாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

பதில்: உடல்நலத்துக்கு அட்டையில் விடை இல்லை, அதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும் என்பதை, அட்டையைத் திருப்புவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். எந்தத் தொகுதியை வைத்து வாசித்தாலும் இந்த எல்லையை நான் தாண்டுவதில்லை.

ஓவியத்தைப் பொறுத்தவரை, மென்மையாக்கப்பட்ட படம் சில வேளைகளில் கூடுதலாக வலிக்கச் செய்யும். ஸ்மித்தின் படத்தில் கவசமணிந்த எலும்புருவம் வெள்ளைக் குதிரையில் வருகிறது, அரசன் வீழ்ந்து கிடக்கிறான், ஆனால் தொலைவில் இரு கோபுரங்களுக்கு இடையே கதிரவன் இருக்கிறான். அங்கே அச்சத்தோடு அச்சத்தின் எல்லையும் வரையப்பட்டிருக்கிறது. காலி இருக்கையில் அந்த எல்லை இல்லை. பார்ப்பவர் தம் இழப்பையே அதில் அமர்த்திவிடுகிறார். உங்கள் தோழி கண்டது அதைத்தான். அடுத்த முறை சந்திக்கும்போது விளக்கம் சொல்லத் தொடங்காமல், அந்த இருக்கையில் யாரைப் பார்த்தாள் என்று மட்டும் கேட்டுவிட்டு, அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருங்கள்.

கேள்வி: கையேடு மகிழ்ச்சி என்கிறது, படம் துயரமாகத் தெரிகிறது. எதை நம்புவது?

பதில்: வாசிப்பின்போது வந்திருப்பவர் கண்முன் இருப்பது படம்தான், ஆகவே நான் படத்தின் பக்கம். ஆனால் கையேட்டைத் தள்ளிவைப்பதற்கு முன், படத்தில் எதையேனும் தவறாக அடையாளம் கண்டோமா என்று பார்க்க வேண்டும். கடலை மையமாகக் கொண்ட ஒரு தொகுதியில் கருமையான திட்டொன்றை நான் பல மாதங்கள் காயம் என்றே வாசித்துவந்தேன். அது ஆக்டோபஸ் தப்பிச் செல்லும்போது உமிழும் மை என்பதைக் கையேடுதான் காட்டிக்கொடுத்தது. அன்றுவரை காயம் என்று கேட்டுச் சென்றவர்களை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

கேள்வி: 78 அட்டைகளுக்கு மேல் கூடுதலாக ஓர் அட்டை இருக்கிறது. சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம். அது எதைக் குறிக்கிறது என்பதைக் கலைத்து அடுக்குவதற்கு முன் முடிவுசெய்துகொள்ளுங்கள்; வாசிப்புக்காகப் பரப்பிவைக்கும் விரிப்பில் வந்த பிறகு பொருள் தேடாதீர்கள்.